லாபம் காட்டும் சங்கத்தில் அம்மாவின் பணம் ஏன் இல்லை?

கேள்வி: நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. சொந்த ஊர் பொன்னேரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 6 லட்சத்தை, ஊரில் உள்ள தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கத்தில் அம்மா பெயரில் நிரந்தர வைப்பாகப் போட்டார். அப்பா இப்போது இல்லை. வைப்பு முதிர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பணம் கேட்டால் "இன்னும் ஒரு வருஷத்துக்குப் புதுப்பிச்சுக்கங்கம்மா" என்கிறார்கள். அவசரம் என்றால் "ரசீது மேல கடன் தர்றோம்" என்கிறார்கள். ஆனால் சங்கத்தின் போன பொதுப் பேரவைக் கூட்டத்தில் 6 லட்சம் லாபம் என்று அறிக்கை வாசித்தார்கள். லாபம் வரும் இடத்தில் பணம் எப்படி இல்லாமல் போகும்? இன்னொன்று, தம்பி இரண்டரை ஏக்கரில் நெல் வைக்கிறான். அதே சங்கத்தில் 90,000 ரூபாய் பயிர்க்கடன். அடுத்த மாதம் கெடு. "தள்ளுபடி வரும், கட்டாதே" என்று ஊரில் சொல்கிறார்கள். செயலாளரோ "ஒரு நாளைக்குக் கட்டிட்டு மறுநாள் எடுத்துக்கோ" என்கிறார். எங்கள் பணத்தைத் தராத சங்கத்துக்கு அவன் ஏன் கட்ட வேண்டும் என்று எனக்குக் கோபமாகவும் இருக்கிறது.

பதில்:

கோபம் நியாயம்தான். ஆனால் அம்மாவின் வைப்பையும் தம்பியின் கடனையும் ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் அவசரமான ஒரு வேலை இருக்கிறது.

புதுப்பிக்கும் படிவத்தில் அம்மா கையெழுத்துப் போட வேண்டாம். ரசீதின் மேல் கடனும் வாங்க வேண்டாம். முதிர்ந்த வைப்பின் மேல் கடன் வாங்குவது உங்கள் பணத்தை நீங்களே வட்டிக்கு வாங்குவதுதான். அதுவும் வைப்புக்குத் தரும் வட்டியை விடக் கூடுதல் வட்டிக்கு. கடனாகத் தரப் பெட்டியில் பணம் இருக்கிறதென்றால், வைப்பைத் திருப்பித் தரவும் அதே பணம் இருக்கத்தானே வேண்டும்? இந்தக் கேள்வியைச் செயலாளரிடம் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். புதுப்பிப்பது அதைவிட மோசம். முதிர்ந்த வைப்பைக் கொடுக்கவில்லை என்ற விவரமே ஏட்டிலிருந்து போய்விடும். அடுத்த தணிக்கையாளர் வந்து பார்க்கும்போது உங்கள் அம்மா சந்தோஷமாகப் பணத்தை விட்டுவைத்திருக்கும் ஒரு வைப்பாளராகத்தான் தெரிவார். ஆஸ்பத்திரிச் செலவு மாதிரி தவிர்க்கவே முடியாத நெருக்கடி வந்தால் மட்டும், "வைப்பு முதிர்ந்தும் தரப்படாததால் இந்தக் கடனைப் பெறுகிறேன்" என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டு வாங்குங்கள்.

சரி, லாபம் இருந்தும் பணம் ஏன் இல்லை? இதற்குப் பதில் சொல்ல, பணம் எந்த மாதிரி இடத்தில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கூட்டுறவுக் கடன் அமைப்பு மூன்று அடுக்கு. மேலே மாநில தலைமைக் கூட்டுறவு வங்கி. நீங்கள் வேலைக்குப் போய்வரும் பக்கத்தில், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையில்தான் அதன் தலைமையகம். 1905-இல் சென்னை மத்திய நகர வங்கியாகத் தொடங்கியது அது. நடுவில் மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிகள். அடியில் உங்கள் ஊர்ச் சங்கம் போல நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கடன் சங்கங்கள். உங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்த அதே வருடம் கிராமக் கடன் சங்கம் தொடங்கிய ஊர் அங்கே இருக்கும் திரூர்தான்.

மேல் இரண்டு அடுக்குகளும் வங்கிகள். ரிசர்வ் வங்கியின் உரிமம், வேளாண்மை வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டின் ஆய்வு, வைப்புக் காப்பீடு எல்லாம் அவற்றுக்கு உண்டு. ஊர்ச் சங்கம் வங்கி அல்ல. வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் அதற்குப் பொருந்தாது. 2020-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோதும் தொடக்க வேளாண்மை சங்கங்களை வெளியே விட்டார்கள், பெயரில் 'வங்கி' என்ற சொல்லை வைத்துக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஆனால் பல ஊர்களில் ஜனங்கள் இன்னும் 'சொசைட்டி பேங்க்' என்றுதான் சொல்கிறார்கள். அப்பாவும் அப்படி நினைத்துத்தான் போட்டிருப்பார், அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விளைவு என்னவென்றால், வங்கி வைப்புகளுக்கு இருக்கும் 5 லட்ச ரூபாய்க் காப்பீடு உங்கள் அம்மாவின் வைப்புக்குக் கிடையாது. வேறு ஏதாவது உத்தரவாதம் இருப்பதாகச் சங்கத்தில் சொன்னால், எந்தத் திட்டம், எவ்வளவு வரை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்போது லாபக் கணக்குக்கு வருவோம். உங்கள் சங்கத்தின் ஐந்தொகை (சொத்தும் கடனும் காட்டும் பேலன்ஸ் ஷீட்) என் கையில் இல்லை, அதனால் ஒரு கற்பனைச் சங்கத்தை வைத்துச் சொல்கிறேன். மொத்தக் கடன் நிலுவை 8 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் வட்டிக்கும் கொடுக்கும் வட்டிக்கும் நடுவே சராசரியாக நூற்றுக்கு 3 ரூபாய் நிற்கிறது. வருடத்துக்கு 24 லட்சம். சம்பளம், வாடகை, கரன்ட் பில், மற்ற செலவு எல்லாம் 18 லட்சம். மிச்சம் 6 லட்சம் லாபம். பேரவையில் வாசிக்கிறார்கள், கை தட்டுகிறார்கள், டீயும் பிஸ்கட்டும் வருகிறது.

அந்த 8 கோடியில் 60 லட்சம் அசைவில்லாமல் கிடக்கிறது என்று வையுங்கள். வாங்கினவர் கட்டவில்லை. ஆனால் 12 சதவீத வட்டி, 7.2 லட்சம், 'வர வேண்டிய வட்டி' என்று எழுதப்பட்டு வருமானத்தில் சேர்ந்திருக்கிறது. ஒரு ரூபாய்கூட வரவில்லை, இருந்தாலும் வருமானம்தான். அதைக் கழித்தால் 6 லட்சம் லாபம் 1.2 லட்சம் நட்டமாகிறது. அப்புறம் அந்த 60 லட்சம் முழுதாகத் திரும்பாது என்ற சாத்தியத்துக்காக ஒரு தொகையை ஒதுக்கிவைக்க வேண்டும். மாவட்ட வங்கிக்கு உள்ள அளவுகோலை இங்கே வைத்தால், ஆரம்ப நிலை வாராக்கடனுக்கே 10 சதவீதம். ஆக இன்னும் 6 லட்சம் போய் நட்டம் 7.2 லட்சத்தில் நிற்கும். அந்தக் கடன் மேலும் பழசாகி 'சந்தேகக் கடன்' வகைக்குப் போய், ஈடாக எதுவும் இல்லை என்றால் மொத்தத் தொகையையும் ஒதுக்க வேண்டும். அப்போது அந்தச் சங்கம் பல வருடத்து லாபத்தை ஒரே வருடத்தில் விழுங்கிவிடும்.

இதற்கிடையில் அந்த 60 லட்சத்தை யாருடைய வைப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்களோ, அவர்களுக்கு 7 சதவீதம் என்றால்கூட வருடம் 4.2 லட்சம் வட்டி ரொக்கமாகப் போய்க்கொண்டிருக்கும். வருமானம் காகிதத்தில், செலவு ரொக்கத்தில். வைப்பைத் திருப்பிக் கேட்பவர்களுக்கு "அடுத்த மாதம்" என்று சொல்லும் சங்கங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் ஆட்கள் சொல்லிவைத்தது கூட்டுறவுக் கணக்கைப் பார்த்துத்தானோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஒரு கடன் எப்போது வாராக்கடன் ஆகிறது என்பதற்கு விதி இருக்கிறது. 1996-97 முதல் மாநில, மாவட்டக் கூட்டுறவு வங்கிகளுக்கு அந்த விதிகள் வந்துவிட்டன. பொதுவான கடனுக்குத் தவணை தவறி 90 நாள். பயிர்க்கடனுக்கு அப்படி இல்லை. குறுகிய காலப் பயிர் என்றால் இரண்டு பருவம், கரும்பு மாதிரி நீண்ட காலப் பயிர் என்றால் ஒரு பருவம் தவற வேண்டும். உங்கள் பக்கத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று வைக்கிறார்களே, அதில் ஒரு போகம் ஆரணியாற்றுத் தண்ணீரில் போனாலும் அடுத்த போகத்தில் எடுத்துக் கட்டட்டும் என்ற கருணை அந்த விதியிலேயே இருக்கிறது. நல்ல விதி. வேளாண்மை தெரிந்தவர்கள் எழுதியது. ஊர்ச் சங்கத்துக்கு ரிசர்வ் வங்கி விதி நேராக வராது, கூட்டுறவுத் தணிக்கை விதிதான். அதிலும் தவணை தவறிய வட்டிக்கும் ஐயக் கடனுக்கும் ஒதுக்கீடு உண்டு. போட்டார்களா என்பதுதான் விஷயம்.

ஆனால் பாருங்கள், வாராக்கடன் பிறப்பது விவசாயி தவறும் அன்று இல்லை. தவறினதை மறைக்கும் அன்றுதான். செயலாளர் தம்பியிடம் சொன்ன "ஒரு நாளைக்குக் கட்டிட்டு மறுநாள் எடுத்துக்கோ" என்ற வழிக்கு இங்கே வருகிறேன்.

கட்டிவிட்டு அடுத்த பயிருக்குப் புதிதாக வாங்குவது தவறே இல்லை. பயிர்க்கடனின் சுழற்சியே அதுதான். அறுவடைப் பணம் கையில் இருந்து, அதைக் கட்டி, அடுத்த போகத்துக்கு எடுத்தால் எல்லாம் சரி. அறுவடைப் பணம் இல்லாதவரையும் அதே வரிசையில் நிறுத்துவதுதான் பிரச்சினை. கெடு நெருங்கும்போது சில சங்கங்களின் வாசலில் வட்டிக்காரர் ரொக்கத்தோடு நிற்பார். நம் தண்டையார்பேட்டையில் தண்டல் விடுகிறார்களே, அந்த வகை ஆள்தான், கொஞ்சம் பெரிய அளவில். காலையில் அவர் பணத்தைக் கட்டி ரசீது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ புதுக் கடன். புதுக் கடனில் முதல் வேலையாக வட்டிக்காரருக்கு அசலும் கமிஷனும். மீதி விவசாயிக்கு. உரத்துக்கும் நடவுக்கும் என்று போன வருடம் வாங்கிய கடன் இந்த வருடம் வட்டிக்காரரைச் சுற்றிவந்து அப்படியே உட்கார்ந்திருக்கும். ஏட்டில் மட்டும் நூற்றுக்கு நூறு வசூல். அந்தச் சங்கத்துக்குப் பாராட்டுக் கேடயம்கூடக் கிடைக்கும்.

நகைக்கடனில் இதற்கு வேறு வடிவம். வட்டியை மட்டும் கட்டி, நகையைத் திருப்பி, அதே நகையை அதே நாளில் மறுபடி வைப்பது. தங்கம் விலை ஏறிக்கொண்டே இருக்கும் வரை யாருக்கும் வலிக்காது. தமிழ்நாட்டுச் சங்கங்கள் பலவற்றுக்கு மூச்சு விட வைப்பதே நகைக்கடன்தான். ஈடு கையில் இருக்கிறது, ஏலம் விட்டால் பணம், வட்டியும் பயிர்க்கடனைவிட நல்ல வட்டி. ஆனால் பெட்டகத்தில் இருப்பது உண்மையான நகையாக இருக்க வேண்டுமே. 2021-இல் 5 சவரன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்று அறிவித்து அரசு ஒவ்வொரு கணக்காகப் புரட்டியபோதுதான் பல சங்கதிகள் வெளியே வந்தன. ஒரே ஆள் பெயரில் பல சங்கங்களில் கடன், போலி நகை, சில இடங்களில் நகையே இல்லாத நகைக்கடன். ஏறத்தாழ 48 லட்சம் நகைக்கடன்களைப் பார்த்து, சுமார் 35 லட்சம் தள்ளுபடிக்குத் தகுதி இல்லாதவை என்று கழித்தார்கள். கழிக்கப்பட்டவை எல்லாம் மோசடி இல்லை. பெரும்பாலானவை எடை, குடும்பத்துக்கு ஒன்று, அரசு ஊழியர் என்பது போன்ற நிபந்தனையில் போனவை. ஆனாலும் அப்படிச் சலித்துப் பார்க்காமல் இருந்திருந்தால் மோசடியானவை இன்றும் பெட்டகத்தில் 'நகை' என்ற பெயரில் பத்திரமாக இருந்திருக்கும்.

இன்னொரு ஓட்டை உண்டு. தணிக்கைக்காரர்கள் பேச்சில் 'இம்பேலன்ஸ்' என்பார்கள். உறுப்பினர்கள் சங்கத்துக்குத் தர வேண்டியது ஒரு தொகை. சங்கம் மாவட்ட வங்கிக்குத் தர வேண்டியது ஒரு தொகை. சாதாரணமாக முதலாவது பெரிதாகவோ சமமாகவோ இருக்க வேண்டும். இரண்டாவது பெரிதாகிவிட்டால், விவசாயிகள் கட்டிய பணம் மாவட்ட வங்கிக்குப் போகாமல் வழியில் சம்பளத்துக்கும் மற்றதுக்கும் கரைந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு உறுப்பினர் எல்லோரும் ஒழுங்காகக் கட்டினாலும் சங்கம் கரையேறாது. அப்படிப்பட்ட இடத்தில் புதிதாக வரும் வைப்பை எடுத்துத்தான் பழைய வைப்பைக் கொடுப்பார்கள். புதுசு வரவில்லை என்றால் "அடுத்த மாதம்".

சங்கத்தின் பக்கமும் நின்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எல்லாப் பணமும் திருட்டுப்போனது என்று நினைத்துவிடக் கூடாது. கொஞ்சம் அரசாங்கத்திடமே மாட்டியிருக்கும். ரேஷன் கடையை நடத்துவது பெரும்பாலும் இந்தச் சங்கங்கள்தான். அதில் கிடைக்கும் கமிஷன் விற்பனையாளர் சம்பளத்துக்கே பற்றாது, அரசு ஈடுசெய்யும் தொகை தாமதமாக வரும். வட்டி மானியமும் அப்படித்தான். தள்ளுபடியோ எல்லாவற்றையும் விடப் பெரிது. 2006-இல் ஏறத்தாழ 7,000 கோடி. 2016-இல் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் 5,780 கோடி. 2021 பிப்ரவரியில் 12,110 கோடி, 16 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு. விவசாயி கணக்கு அறிவித்த கையோடு முடிந்துவிடும். சங்கத்துக்கு அரசு பணம் தருவது பல வருடத் தவணையில். அந்த வருடங்களில் ஐந்தொகையில் 'அரசிடமிருந்து வரவேண்டியது' என்று ஒரு பெரிய எண் உட்கார்ந்திருக்கும். வரக்கூடிய பணம்தான், வாராக்கடன் இல்லை. ஆனால் உங்கள் அம்மாவுக்கு இன்று எண்ணிக் கொடுக்க முடியாத பணம்.

தள்ளுபடியே கூடாது என்று சொல்லும் ஆள் இல்லை நான். வறட்சியும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்த வருடங்களில் அது இல்லாமல் எழுந்திருக்க முடியாத குடும்பங்கள் உண்டு. பெரிய கம்பெனிகளின் கடனை வங்கிகள் கழித்துக் கட்டும்போது முகம் சுளிக்காதவர்கள் நெல் வைப்பவரைப் பார்த்து ஒழுக்கம் பேசுவதும் எனக்குப் பிடிக்காது. என் குறை வேறு. ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னாலும் கட்டக்கூடியவர்கள்கூடக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பில் சங்கம் காய்ந்துபோகிறது. கூட்டுறவுக் கடன் அமைப்பைச் சீர்செய்ய 2004-இல் மத்திய அரசு பொருளாதார அறிஞர் ஏ. வைத்தியநாதன் தலைமையில் குழு அமைத்ததே இப்படி நாடு முழுக்கச் சங்கங்கள் வற்றிப்போயிருந்ததால்தான். பழைய நட்டத்தை அரசுகள் ஏற்றுக்கொள்ளட்டும், அதற்குப் பதிலாகச் சங்கங்களின் அன்றாடத்தில் தலையிடுவதை விடட்டும் என்றது அந்தக் குழு. முதல் பாதி ஓரளவு நடந்தது.

இதையெல்லாம் வைத்துத் தம்பி விஷயத்தைப் பார்ப்போம். கெடுவுக்குள் கட்டச் சொல்லுங்கள். காரணம் நல்லெண்ணம் இல்லை, கணக்கு. தமிழ்நாட்டில் 2009 முதல் கூட்டுறவுப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டுபவருக்கு வட்டியே இல்லை, அதை அரசு ஏற்கிறது. ஒரு நாள் தவறினாலும் அந்தச் சலுகை போய்விடும். 7 சதவீதக் கணக்கில் பார்த்தால்கூட 90,000-க்கு வருடம் 6,300 ரூபாய், அதன் மேல் அபராத வட்டி, அடுத்த போகத்துக்குக் கடனும் கிடைக்காது. மறுபக்கம் தள்ளுபடி ஒரு லாட்டரி. வருமா என்பது ஒரு கேள்வி. எந்தத் தேதி வரையிலான நிலுவைக்கு என்பது அடுத்த கேள்வி. 2021-இல் அந்த வருட ஜனவரி 31-ஆம் தேதி நிலுவையில் இருந்த கடனுக்குத்தான் கொடுத்தார்கள். தேதியை முன்கூட்டி யாருக்கும் சொல்லவில்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒழுங்காகக் கட்டியவர்கள் நொந்துபோனது உண்மை, அதைப் பார்த்துத்தான் ஊரில் இப்படிப் பேசுகிறார்கள். ஆனால் 2016-க்கும் 2021-க்கும் நடுவில் காத்திருந்து வட்டி ஏற்றிக்கொண்டவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அறுவடை நெல் விற்ற பணம் கையில் இருக்கிறதா? கட்டிவிட்டு, தேவை இருந்தால் மட்டும், தேவையான அளவு மட்டும் புதுக் கடன் எடுக்கட்டும். பணம் இல்லை, வெளியில் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்றால், கமிஷன் எவ்வளவு என்று முதலில் கேட்கட்டும். வட்டிச் சலுகையை விடக் கமிஷன் கூடுதல் என்றால் அந்தச் சுற்றில் இறங்குவதில் அர்த்தமே இல்லை. பயிர் உண்மையாகவே போயிருந்தால் கெடுவுக்கு முன்னால் கிராம நிர்வாக அலுவலரிடம் சேதச் சான்று வாங்கி, கடனை மத்திய காலக் கடனாக (சில வருடத் தவணையில் கட்டுவதாக) மாற்றித்தரச் சொல்லி மனுக் கொடுக்கலாம். இயற்கைச் சீற்றம் என்று அரசு அறிவித்த பகுதிகளுக்கு அந்த வழி உண்டு. பயிர் போனதை மறைக்கத் தேவையில்லை.

இப்போது அம்மாவின் பணம். முதலில் ஒன்றைப் பாருங்கள். தம்பியின் கடன் பத்திரத்தில் அம்மா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? அல்லது அந்த ரசீது எதற்காவது ஈடாகக் காட்டப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் இரண்டு கணக்கும் இரண்டு தனி ஆட்களுடையது. அவன் கட்டாததைக் காரணம் காட்டி அம்மா வைப்பை நிறுத்த முடியாது, அம்மா வைப்பைத் தரவில்லை என்று அவன் கட்டாமல் இருக்கவும் முடியாது. ஜாமீன் போட்டிருந்தால், அவன் தவறும் நாளில் சங்கத்துக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும். தொடக்கத்தில் முடிச்சுப் போடாதீர்கள் என்றது இதனால்தான்.

அடுத்து, வாயால் கேட்பதை நிறுத்துங்கள். அம்மா பெயரில் ஒரு கடிதம்: ரசீது எண், தொகை, முதிர்வுத் தேதி, இன்ன தேதியில் நேரில் கேட்டது, இன்ன பதில் சொன்னது, 15 நாளுக்குள் அசலும் வட்டியும் தர வேண்டும், முதிர்வுக்குப் பிறகான நாட்களுக்கு என்ன வட்டி என்று தெரிவிக்க வேண்டும். அவ்வளவு போதும், திட்ட வேண்டாம். நகலில் சங்க முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள், மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். நகல் ஒன்று கூட்டுறவுத் துறையின் சரகத் துணைப்பதிவாளருக்கு. சங்கத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் செயலாட்சியர் இருந்தால் அவருக்கும் ஒன்று. அவர் அரசு ஊழியர் என்பதால் எழுத்தில் வந்த தாளுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அதிகம். பாதிக்குமேல் விவகாரங்கள் இந்தக் கட்டத்திலேயே ஏதோ ஒரு விதத்தில் முடிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் இரண்டு மூன்று தவணையாக. தவணை என்றால் தேதி போட்டு எழுத்தில் வாங்குங்கள்.

கூடவே துணைப்பதிவாளர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. சங்கம் நேரடியாக அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் கேரளச் சங்க வழக்கொன்றில் சொல்லிவிட்டது. ஆனால் பதிவாளர் சட்டப்படி சங்கத்திடம் கேட்டுப் பெறக்கூடிய தகவலை அவர் வழியாகக் கேட்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. கடைசி மூன்று வருடத் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். வந்ததும் லாப எண்ணைப் பார்க்காதீர்கள். தவணை தவறிய கடன் பட்டியலில் மூன்று வருடத்துக்கு மேற்பட்டது எவ்வளவு, வரவேண்டிய வட்டி வருடத்துக்கு வருடம் ஏறுகிறதா, ஐயக் கடன் ஒதுக்கீடு போட்டிருக்கிறார்களா, மாவட்ட வங்கியில் சங்கத்தின் ரொக்க இருப்பு எவ்வளவு, இம்பேலன்ஸ் இருக்கிறதா. கணக்குப் படித்தவர் யாராவது பக்கத்தில் இருந்தால் அரை மணி நேர வேலை. கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81-ஆம் பிரிவு விசாரணை என்றோ 87-ஆம் பிரிவு தண்டத் தீர்வை (நட்டத்தைப் பொறுப்பானவர்களிடம் வசூலிப்பது) என்றோ எங்காவது எழுதியிருந்தால் கையாடல் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது அல்லது சந்தேகிக்கப்படுகிறது என்று பொருள். அப்போது தவணைப் பேச்செல்லாம் வேண்டாம், உடனே அடுத்த படிக்குப் போங்கள்.

அடுத்த படி இரண்டு. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 90-ஆம் பிரிவில் பதிவாளரிடம் தாவா போடலாம். மெதுவாக நகரும். இன்னொன்று நுகர்வோர் ஆணையம். 90-ஆம் பிரிவு இருக்கும்போது நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது என்று சங்கத் தரப்பில் நிச்சயம் சொல்வார்கள். தமிழ்நாட்டு வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இதே வாதத்தோடு உச்ச நீதிமன்றம் வரை போய் 2003-இல் தோற்றது. இரண்டு வழியும் திறந்திருக்கிறது என்பதுதான் தீர்ப்பு. 2019 சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். அம்மா உங்களோடு தண்டையார்பேட்டையில்தான் இருக்கிறார் என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் திருவள்ளூர் லோக்கல் ஏற வேண்டாம். காலக்கெடு இரண்டு வருடம். முதிர்வுத் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. வக்கீல் கட்டாயமில்லை, ஆனால் வைத்துக்கொண்டால் நல்லது.

பணம் வந்த பிறகு எங்கே போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அம்மாவுக்குக் கூட்டுறவு மேல் ஒரு பிடிப்பு இருக்கும் என்று தோன்றுகிறது. அதே துறையிலேயே இருக்க விரும்பினால் மாவட்ட மத்திய வங்கியின் கிளையிலோ, சென்னையில் இருக்கும் மாநில தலைமைக் கூட்டுறவு வங்கிக் கிளையிலோ போடட்டும். காப்பீடு உண்டு. அந்த 5 லட்சம் என்பது அசலும் வட்டியும் சேர்த்து, ஒரு வங்கியில் ஓர் ஆளுக்கு என்ற கணக்கு. நாலரை லட்சத்தை ஓர் இடத்திலும் மீதியை வேறொரு வங்கியிலோ அஞ்சலகத்திலோ பிரித்துப் போடுங்கள். வாரிசு நியமனத்தில் இன்னும் அப்பா பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மாற்றிவிடுங்கள். ஊர்ச் சங்கத்தில் அம்மா பெயரில் இருக்கும் பங்குத் தொகையை எடுத்துவிட வேண்டாம், அது சின்னத் தொகைதான். உறுப்பினராக இருந்தால்தான் அடுத்த பேரவையில் எழுந்து நின்று, அந்த 6 லட்சம் லாபத்தில் எவ்வளவு ரொக்கமாக வந்தது என்று கேட்க முடியும்.